கணக்கில் கொள்ளப்பட்ட கரைப்பான்

வேதியியல் ஆய்வேடுகளில், குறிப்பாகக் கணிப்பு வேதியியல் பற்றிய இயல் ஒன்று இறுதியில் இணைக்கப்பட்ட ஆய்வேடுகளில், ஒரு வாக்கியம் ஏறக்குறையத் தவறாமல் வருகிறது. ஆங்கிலத்தில் எழுதப்படும் அவ்வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இவ்வாறு அமையும்: ‘கரைப்பான் விளைவுகள் எஸ்.எம்.டி. மாதிரியின் வழியே கணக்கில் கொள்ளப்பட்டன, கரைப்பான் மெத்தனால்.’ முறையியல் பகுதியின் கடைசியில், மென்பொருளின் பதிப்பு எண்ணுக்குச் சற்று முன்னரோ பின்னரோ அது நிற்கும். அதன் பிறகு ஆய்வேடு முழுவதிலும் மெத்தனாலைப் பற்றிப் பேச்சே இராது.

இலக்கணக் கண்ணோடு பார்த்தால் இது விந்தையான வாக்கியம். வினை செயப்பாட்டு வினை. கணக்கில் கொண்டவர் யார் என்பது இல்லை. ‘விளைவுகள்’ என்பது பன்மை. எந்தெந்த விளைவுகள் என்ற பட்டியல் இல்லை. ‘கொள்ளப்பட்டன’ என்பது இறந்த காலம். எனவே விவகாரம் முடிந்துவிட்டது, வாசகர் மேலே செல்லலாம். செய்முறைக் குறிப்பைப் போலத் தோற்றமளிக்கும் இவ்வாக்கியம் உண்மையில் இயற்கையைப் பற்றிய ஒரு பெரிய கூற்றை உள்ளடக்கியுள்ளது: குடுவைக்குள் மெத்தனால் செய்பவை எல்லாவற்றையும் சில எண்களுக்குள் அடக்கிவிடலாம் என்பதே அக்கூற்று. வேறெந்த இடத்தில் இவ்வளவு பெரிய கூற்றை ஆதாரமின்றி எழுதினாலும் நெறியாளர் சிவப்பு மையால் வட்டமிடுவார். இங்கே மட்டும் யாரும் நிற்பதில்லை.

கரைப்பான் வினையின் பின்புலம் மட்டுமே என்ற எண்ணம் வேதியியலில் என்றைக்கும் இருந்ததில்லை. 1890இல் ருஷ்ய வேதியியலாளர் மென்ஷுட்கின், டிரைஎத்திலமீனுக்கும் எத்தில் அயோடைடுக்கும் இடையிலான வினையை 23 கரைப்பான்களில் நிகழ்த்தி வேகங்களை அளந்தார். ஒரு வினையை அது நிகழும் ஊடகத்திலிருந்து பிரித்துப் பேச இயலாது என்பது அவர் வந்தடைந்த முடிவு. குவாண்டம் இயக்கவியல் பிறப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே பரிசோதனைச் சாலையில் தெளிவாகிவிட்ட செய்தி அது. தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திலும் இது தற்செயலாகவேனும் பதிவாகியிருக்கிறது: பள்ளிப் பாடநூலில் ‘கரைபொருள்’ வெறும் பொருள், ‘கரைப்பான்’ மட்டுமே செய்பவன் விகுதி பெற்றவன்.

அச்செய்பவனைக் கணிதத்துக்குள் கொண்டுவந்த வரலாறு நீண்டது, மதிக்கத்தக்கது. மாக்ஸ் போர்ன் 1920இல் ஓர் அயனியை மின்னூட்டம் பெற்ற கோளமாகவும், அதைச் சுற்றியுள்ள நீரை ஒரே சீரான, மூலக்கூறுகளற்ற ஊடகமாகவும் கொண்டு கரைதல் ஆற்றலைக் கணித்தார். 1936இல் ஆன்சாகர் அதை இருமுனை மூலக்கூறுகளுக்கு விரித்தார். 1981இல் பீசா நகரில் தொமாசியும் அவருடைய குழுவினரும், கோளத்துக்குப் பதிலாக மூலக்கூறின் வடிவத்துக்கே ஏற்ற குழியை ஊடகத்தில் குடைந்து, அக்குழியின் பரப்பில் தூண்டப்படும் மின்னூட்டங்களைக் குவாண்டம் கணக்கோடு இணைத்தனர். 1993இல் கிளாம்டும் ஷூர்மனும் காஸ்மோ முறையைத் தந்தனர். 2009இல் மினசோட்டாவின் மரேனிச், கிரேமர், டிரூலர் மூவரும் எஸ்.எம்.டி.யை வெளியிட்டனர். இவை எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: கரைபொருளை மட்டும் அணு அணுவாகப் பார்ப்பது, கரைப்பானைக் குழிக்கு வெளியே பரந்திருக்கும் தொடர் ஊடகமாகக் கொள்வது.

இவ்வெண்ணத்தை எள்ளி நகையாட எந்தக் காரணமும் இல்லை. கிளைசீன் மூலக்கூறை வெற்றிடத்தில் வைத்து, அதன் புரோட்டானை அமீன் முனைக்கு நகர்த்தி சுவிட்டர் அயனியாக்கி, வடிவத்தை உகப்பாக்கச் சொன்னால், புரோட்டான் தானாகவே கார்பாக்சில் முனைக்குத் திரும்பிவிடும். தொடர் ஊடக மாதிரியில் நீரைச் சேர்த்தால் சுவிட்டர் அயனி நிலைத்து நிற்கும். முதுகலை மாணவர் தம் மடிக்கணினியில் அரைமணி நேரத்தில் இதைச் செய்து பார்க்கலாம். நீரின் இருப்பு ஒரு மூலக்கூறின் அடையாளத்தையே மாற்றுகிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்டும் பயிற்சி வேறில்லை.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. குளோரைடு அயனி மெத்தில் அயோடைடைத் தாக்கும் வினை இளங்கலைப் பாடம். அதன் வேகம் நான்கு கரைப்பான்களில் அளக்கப்பட்டிருக்கிறது. மெத்தனாலில் வேகம் 1 என்று வைத்துக்கொண்டால், ஃபார்மமைடில் ஏறத்தாழ 12. என்-மெத்தில்ஃபார்மமைடில் ஏறத்தாழ 45. டைமெத்தில்ஃபார்மமைடிலோ பத்து இலட்சத்துக்கும் மேல். இப்போது இந்நான்கின் மின்காப்பு மாறிலிகளைப் பக்கத்தில் எழுதிப் பார்க்கவேண்டும். மெத்தனாலுக்கு 33 அளவில்; ஃபார்மமைடுக்கு 110 அளவில்; என்-மெத்தில்ஃபார்மமைடுக்கு 180ஐ ஒட்டி; டைமெத்தில்ஃபார்மமைடுக்கு 37. மாறிலி மும்மடங்கும் ஐந்து மடங்கும் உயர்ந்தபோது வேகத்தில் பெரிய மாற்றமில்லை. மாறிலி அநேகமாக மாறாத இடத்தில் வேகம் பத்து இலட்சம் மடங்கு கூடுகிறது. காரணம் எந்த மாணவருக்கும் தெரியும்: முதல் மூன்றிலும் குளோரைடைப் பற்றிக்கொள்ள ஓ-எச் அல்லது என்-எச் பிணைப்பு இருக்கிறது, நான்காவதில் இல்லை. பரந்த ஊடகத்தின் சராசரிப் பண்பு இங்கே ஒன்றையும் தீர்மானிக்கவில்லை. அயனியைத் தொட்டுக்கொண்டிருக்கும் முதல் அடுக்கில் உள்ள சில மூலக்கூறுகளே தீர்மானிக்கின்றன.

எஸ்.எம்.டி. வெறும் மின்காப்பு மாறிலியை மட்டும் நம்பும் மாதிரி அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கரைப்பானின் ஹைட்ரஜன் பிணைப்பு அமிலத்தன்மை, காரத்தன்மை, பரப்பு இழுவிசை, ஒளிவிலகல் எண் ஆகியவையும் அளபுருக்களாக அதனுள் உள்ளன. ஆயினும் அவை மூலக்கூறுகளாக உள்ளே வரவில்லை. அளந்த தரவுகளுக்குப் பொருந்துமாறு செதுக்கப்பட்ட திருத்தங்களாக வருகின்றன. அத்தரவின் இயல்பையும் பார்க்கலாம். நடுநிலை மூலக்கூறுகளுக்கு 91 கரைப்பான்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கரைதல் ஆற்றல்கள் பயன்பட்டன. அயனிகளுக்கு நீரில் 112 அளவீடுகளும், அசிட்டோநைட்ரைல், மெத்தனால், டைமெத்தில் சல்ஃபாக்சைடு மூன்றிலும் சேர்த்து 220 அளவீடுகளுமே பயன்பட்டன. விளைவாக, சராசரிப் பிழை நடுநிலை மூலக்கூறுகளுக்கு 0.6 முதல் 1.0 கிலோகலோரி/மோல், அயனிகளுக்கு ஏறத்தாழ 4 கிலோகலோரி/மோல். இவ்வெண்கள் யாரோ தோண்டியெடுத்த குறைகள் அல்ல. மாதிரியை உருவாக்கியவர்கள் தம் கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதிவைத்தவை. கருவியைச் செய்தவர்கள் முகப்பில் பொறித்த பிழையளவைக் கருவியைக் கையாள்வோர் மேற்கோள் எண் ஒன்றுக்குள் புதைத்துவிடுகிறார்கள்.

அறை வெப்பநிலையில் 1.36 கிலோகலோரி என்பது வினைவேகத்திலோ சமநிலை மாறிலியிலோ பத்து மடங்கு. 4 கிலோகலோரி என்பது ஏறத்தாழ 850 மடங்கு; பிகேஏ அளவில் சொன்னால் மூன்று அலகுக்குச் சற்றுக் குறைவு. இரு வினைவழிகளுள் எது நிகழ்கிறது என்பதை 2 கிலோகலோரி வேறுபாட்டைக் கொண்டு தீர்ப்பளிக்கும் ஆய்வுக்கட்டுரைகள் ஏராளம். ஒரு வழியில் அயனிகள் பிரிந்து நிற்க, மற்றொரு வழியில் எல்லாம் நடுநிலையாக இருந்தால், பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்ற ஆறுதலுக்கும் அங்கே இடமில்லை.

இது வெறும் அச்சமன்று என்பதற்கு மொரிட்டா-பேலிஸ்-ஹில்மன் வினை சான்று. அவ்வினையில் ஒரு கட்டத்தில் புரோட்டான் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு மாறவேண்டும். மெத்தனால் மூலக்கூறு ஒன்று நடுவில் நின்று ஒரு கையால் புரோட்டானை வாங்கி மறு கையால் கொடுக்கிறது என்ற சித்திரம் கணிப்புகளின் வழியே உருவாகி, கட்டுரை கட்டுரையாக வலுப்பெற்றது. 2015இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பிளாட்டாவும் சிங்கிள்டனும் மெத்தனாலில் அவ்வினையைச் சோதனைவழியே அணு அணுவாகப் பின்தொடர்ந்தனர். இடைப்பொருள்களைத் தனியே உருவாக்கினர், வேகங்களை அளந்தனர், கரைப்பானிலிருந்து ஐசோடோப்பு எங்கே நுழைகிறது என்று பார்த்தனர். புரோட்டானைக் கைமாற்றும் அந்த மெத்தனால் அவர்களுக்குத் தென்படவில்லை. ஓரிடத்தில் மெத்தனால் புரோட்டானைக் கொடுத்து மெத்தாக்சைடாகிறது, வேறிடத்தில் காரம் ஒன்று புரோட்டானை எடுக்கிறது என்ற, பாடநூலில் காணப்படும் சாதாரண அமில-கார வழியே சோதனைக்குப் பொருந்தியது. கணிப்புகளோ தமக்குள்ளேயே பெரிதும் முரண்பட்டன. சோதனைக்கு மாற்றாக அமைவதில் அவை முற்றாகத் தவறின என்று அக்கட்டுரை தயவின்றி எழுதியது.

எதிர்ப்பும் வந்தது. 2017இல், மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் இடம்பெற்ற ஒரு குழு அதே வினையை உயர்நிலைக் குவாண்டம் முறைகளால் மீண்டும் கணித்து, முறைகளைக் கவனமாகத் தேர்ந்தால் சோதனையோடு நெருங்கிவர இயலும் என வாதிட்டது. இவ்விவாதத்தில் எவர் வென்றார் என்பதைவிட, இரு தரப்பும் எதை ஒப்புக்கொள்கின்றன என்பது கவனத்துக்குரியது: வழக்கமான, விசைப்பலகையில் ஒரு சொல்லைத் தட்டிப் பெறும் கணிப்பு இத்தகைய வினைக்குப் போதாது.

அந்தக் கைமாற்றுச் சித்திரம் எப்படிப் பிறந்தது என்பது இன்னும் சுவையானது. மெத்தனாலை முற்றிலும் ஊடகமாக்கினால் புரோட்டானைக் கொடுக்க யாரும் இல்லை. எனவே ஒரே ஒரு மெத்தனால் மூலக்கூறு கையால் எடுத்து வைக்கப்படுகிறது. ஒரு மூலக்கூறுதான் இருக்கிறது என்றால், வாங்குபவரும் கொடுப்பவரும் அதுவாகவே இருந்தாக வேண்டும். கைமாற்று இடைநிலை கிடைத்துவிடும். வாங்கிய புரோட்டானை இருபது மூலக்கூறு தொலைவில் விட்டுவிட்டு வருவதற்கான வழி மாதிரிக்குள்ளேயே இல்லை. ஆகவே ‘தொடர் ஊடகம் போதாது, ஓரிரு கரைப்பான் மூலக்கூறுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று மதிப்பீட்டாளர்கள் தரும் நல்லெண்ண அறிவுரை, சில வேளைகளில் பழைய பிழையை நீக்கிப் புதிய பிழையை நடுகிறது. எத்தனை மூலக்கூறுகள், எந்த நிலையில், ஏன் அந்த நிலையில் என்ற கேள்விகளுக்கு விடையில்லாமல் வைக்கப்படும் மெத்தனால், உறைந்து நிற்கும் மெத்தனால். குடுவையில் உள்ளது நொடிக்குக் கோடானுகோடி முறை இடம் மாறுகிறது.

கணக்கு நுணுக்கத்திலும் ஒரு பொறி உண்டு. இதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது பெருந்தீங்கு. பெரும்பாலான மென்பொருள்கள் கட்டிலா ஆற்றலை ஒரு வளிமண்டல அழுத்தத்தில் உள்ள நல்லியல்பு வாயுவுக்குத் தருகின்றன. கரைசலுக்கு ஏற்ப ஒரு லிட்டருக்கு ஒரு மோல் என்ற நிலைக்கு மாற்ற 1.89 கிலோகலோரி திருத்தம் வேண்டும். மெத்தனாலே வினைபடுபொருளாகும் படியில், தூய மெத்தனாலின் செறிவு லிட்டருக்கு 24.7 மோல் என்பதற்காக இன்னொரு 1.9 கிலோகலோரி. இரண்டையும் மறந்தால், அந்தப் படி உண்மையில் உள்ளதைவிட ஏறத்தாழ 600 மடங்கு கடினமானதாகத் தோன்றும். இதைச் சரிக்கட்ட, என்ட்ரோபியைப் பாதியாக வெட்டுவது போன்ற வழக்கங்கள் இலக்கியத்தில் உலவுகின்றன. ஏன் பாதி, ஏன் மூன்றில் ஒன்று இல்லை என்று கேட்டால், முந்தைய கட்டுரையொன்றின் மேற்கோள்தான் விடையாகக் கிடைக்கும்.

இந்தியச் சூழலில் இதன் விலை வேறு விதமானது. தொகுப்பு வேதியியலில் நான்கு ஆண்டுகள் உழைத்த ஆய்வு மாணவர் கட்டுரையை அனுப்புகிறார், வினைவழிக்கு டி.எஃப்.டி. ஆதரவு வேண்டும் என்று மதிப்பீட்டாளர் எழுதுகிறார். உதவித்தொகை முடிய ஆறு மாதமே இருக்கும் நிலையில், அறிமுகமான ஒருவர் மூலம் கணிப்பு செய்து வாங்கப்படுகிறது. அழகிய வண்ணத்தில் ஓர் ஆற்றல் வரைபடம் கட்டுரையில் ஏறுகிறது. சோதனை சொல்லாத ஒன்றை அவ்வரைபடம் சொல்லியிருந்தால், அடுத்த மாணவரின் ஆய்வுத் திட்டம் அதன் மேல் எழுப்பப்படும்: இந்த இடைநிலையை நிலைப்படுத்தும் வினையூக்கியை வடிவமைப்போம் என்று. அந்த இடைநிலையே குடுவையில் இல்லையெனில் அம்மாணவரின் இரண்டு ஆண்டுகள் எங்கே போயின என்று கேட்க எந்தக் குழுவும் கூடப்போவதில்லை. வினையூக்கி வேலை செய்யவில்லை என்று மட்டும் பதிவாகும். பழி பெரும்பாலும் மாணவரின் கைத்திறன் மேல் விழும்.

இதற்கு எதிராக எழும் வாதம் நியாயமானது. மூலக்கூறு மூலக்கூறாகக் கரைப்பானை நிரப்பி, போதிய நேரம் இயங்கவிட்டு, கட்டிலா ஆற்றலை மாதிரியெடுக்க மீத்திறன் கணினி வேண்டும். தேசிய மீத்திறன் கணினித் திட்டம் 2015இல் தொடங்கப்பட்டதன் பின் சில பெரிய நிறுவனங்களில் வசதி கூடியிருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் துறைகளுக்கும் இணைவுக் கல்லூரிகளுக்கும் அது எட்டாத தொலைவு. தொடர் ஊடக மாதிரியை ஒதுக்கினால், கணிப்பு வேதியியலில் நுழைய அவர்களுக்கு இருந்த ஒரே வாயிலும் அடைபடும். ஆகவே தொடர் ஊடகத்தைக் கைவிடக் கோருவது அநீதி மட்டுமன்று, மூடத்தனமும் ஆகும்; அது நன்றாக வேலை செய்யும் கேள்விகள் ஏராளமாக உள்ளன. மின்னூட்டம் மாறாத வினைகள், ஒரே வகை மூலக்கூறுகளை வரிசைப்படுத்தும் ஒப்பீடுகள், ஒரே வினைப்பொருளின் இரு வடிவங்களுக்கிடையேயான வேறுபாடு ஆகியவற்றில் பிழையின் பெரும்பகுதி இருபுறமும் ஒன்றாகவே வந்து கழிந்துவிடும்.

ஆனால் வசதிக் குறைவு என்பது சிந்தனைக் குறைவுக்குச் சாக்காக முடியாது. 1984, 85ஆம் ஆண்டுகளில் ஜெயராமன் சந்திரசேகர், ஸ்மித், ஜோர்கென்சன் மூவரும் குளோரைடும் மெத்தில் குளோரைடும் வினைபுரிவதை நீரில் உருவகித்த கட்டுரைகள் இன்றைக்கும் படிக்கத்தக்கவை. சந்திரசேகர் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அதே காலத்தில் வெளியான டிஐபி4பி நீர் மாதிரியின் ஆசிரியர்களுள் ஒருவர். இன்றைய மடிக்கணினியோடு ஒப்பிடத் தகாத கணினிகளில், சில நூறு நீர் மூலக்கூறுகளைக் கொண்டு அவர்கள் அதைச் செய்தனர். வாயு நிலையில் வினைபடுபொருள்களைவிட மூன்று நான்கு கிலோகலோரியே உயர்ந்திருந்த ஆற்றல் தடை, நீரில் 26ஐத் தொட்டது. அளவீடும் அதையே சொல்கிறது. அதைவிடச் சிறப்பு, ஏன் என்பதற்கு அவர்கள் தந்த விடை: இடைநிலையில் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, மின்னூட்டம் இரு குளோரின்களுக்கிடையே பரவிவிடுவதால் ஒவ்வொரு பிணைப்பும் வலுவிழக்கிறது. பின்னர் வந்த தொடர் ஊடக மாதிரிகளும் இவ்வினையின் தடையை ஓரளவு சரியாகவே தருகின்றன. அந்த ‘ஏன்’ மட்டும் அவற்றிலிருந்து கிடைக்காது, அவற்றுள் எண்ணுவதற்கு ஹைட்ரஜன் பிணைப்பே இல்லாததால்.

எளிய துறைகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு; அது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. கரைப்பானின் பங்கைக் கண்டறிய மிக மலிவான கருவி கரைப்பான்தான். மென்ஷுட்கின் செய்ததையே இன்றும் செய்யலாம்: ஐந்தாறு கரைப்பான்களில் வினைவேகத்தை அளப்பது, ஹைட்ராக்சில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டீரியம் கொண்ட மெத்தனாலில் வினையை நிகழ்த்தி, விளைபொருளில் அது எங்கே ஏறியிருக்கிறது என்று என்.எம்.ஆர். நிறமாலையில் பார்ப்பது. தொகுப்பு வேதியியல் நடக்கும் துறையில் இதற்குரிய கைகளும் கண்ணாடிக் கலன்களும் ஏற்கெனவே உள்ளன. ‘டி.எஃப்.டி. ஆதரவு வேண்டும்’ என்று எழுதும் மதிப்பீட்டாளருக்கு இத்தகைய ஒரு சோதனை முடிவை அனுப்பி, கணிப்பு இதற்கு மேல் எதைச் சேர்க்கும் என்று கேட்டு எழுதும் துணிவு நெறியாளர்களுக்கு வேண்டும். அந்தக் கடிதத்தை மாணவர் எழுத முடியாது.

ஆய்வேட்டின் அந்த ஒற்றை வாக்கியத்தின் இடத்தில் ஒரு பத்தி வரட்டும். இவ்வினையில் கரைப்பான் என்னென்ன செய்யக்கூடும்: மின்னூட்டத்தை நிலைப்படுத்துமா, அயனியைப் பற்றிக்கொள்ளுமா, புரோட்டானைக் கொடுக்குமா, தானே தாக்குமா. இவற்றுள் தேர்ந்த மாதிரி எவற்றைக் காணும், எவற்றைக் காணாது. வேறொரு கரைப்பான் மாதிரியில், வேறொரு கரைப்பானில் அதே கணக்கைச் செய்தால் முடிவு எவ்வளவு அசைகிறது. திட்ட நிலைத் திருத்தம் சேர்க்கப்பட்டதா. அசைவு முடிவைவிடப் பெரிதாக இருந்தால், இக்கணிப்பு இரு வழிகளையும் பிரித்தறியவில்லை என்று எழுதிவிடுவது. அவ்வாறு எழுதப்பட்ட ஆய்வேட்டைக் குறையுடையது என்று திருப்பியனுப்பாத தேர்வாளர்களும் வேண்டும். இப்போதைய நிலையில், தயக்கமின்றி எழுதியவர் எளிதாகத் தேறிவிடுகிறார்; தயங்கி எழுதியவர் வாய்மொழித் தேர்வில் ஒரு மணி நேரம் நிற்கிறார்.

இயந்திரக் கற்றலால் உருவாகும் விசைப்புலங்கள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. முன்பு வாரக்கணக்கில் ஓடிய உருவகங்களை அவை மிகக் குறைந்த செலவில் ஓட்டுகின்றன. மெத்தனால் நிறைந்த பெட்டிக்குள் வினையை நிகழவிட்டுப் பார்ப்பது சிறிய துறைகளுக்கும் விரைவில் இயலும். அவ்விசைப்புலம் எந்தக் குவாண்டம் கணக்குகளைப் படித்துக் கற்றது, அக்கணக்குகளில் மெத்தாக்சைடு இருந்ததா, புரோட்டான் தொலைவில் சென்றுவிட்ட அமைப்புகள் இருந்தனவா என்பவை அப்போது கேட்கவேண்டிய கேள்விகள். ‘கரைப்பான் விளைவுகள் இயந்திரக் கற்றல் விசைப்புலத்தின் வழியே கணக்கில் கொள்ளப்பட்டன’ என்று தொடங்கும் முதல் ஆய்வேடுகள் இந்நேரம் தட்டச்சாகிக்கொண்டிருக்கக்கூடும்.